கை ஒழியாத நேரம்

"இவனக் கொஞ்சம் பாத்துக்கிடு, இந்தா வந்துருதேன்."

தென்காசிப் பக்கத்தில் ஒரு பிள்ளை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாற இவ்வளவு பேச்சுப் போதும். எவ்வளவு நேரம், பசித்தால் என்ன கொடுப்பது, அழுதால் என்ன செய்வது என்ற விவரம் எதுவும் கூடவே வராது. அதைக் கேட்பதற்குள் பெற்றவள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள். பிள்ளையை வாங்கிக்கொண்டவர் ஆச்சியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், அடுத்த வீட்டு மதினியாக இருக்கலாம், நாலாம் வகுப்புப் படிக்கிற அக்காவாகவும் இருக்கலாம். இவர்களில் ஒருவர்கூட அந்த நேரத்தில் சும்மா இருந்தவர் இல்லை. ஒருத்தியின் மடியில் பீடித்தட்டு இருந்தது. ஒருத்தி உலை வைத்திருந்தாள். ஒருத்திக்கு வீட்டுப்பாடம் பாக்கி.

பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவது பற்றி இன்று அறிவுரைக்குக் குறைவில்லை. இந்த வயதுக்கு இந்தப் பொம்மை, அந்த வயதுக்கு அந்தப் புதிர், மழைநாளென்றால் வீட்டுக்குள் இன்னின்னது என்று பட்டியல் போட்டுத் தருகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒருவரை மனத்தில் வைத்து எழுதிய பட்டியல்கள் அவை. அப்படி ஒருவர் நம் ஊர்களில் என்றைக்குமே அரிது. நம்மிடம் இருக்கிற குழந்தை விளையாட்டுகளில் பெரும்பாலானவை கை ஒழியாதவர்கள் உண்டாக்கியவை. வேலை கையை எடுத்துக்கொண்டால் வாய் மிச்சம் இருக்கும். வாய்க்கு வழியில்லாத இடத்தில் கண் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை வைத்துத்தான் பிள்ளையின் உலகத்தைக் கட்டினார்கள். ஒரு விளையாட்டு ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்தால், அதைக் காட்டியவரின் உடம்பில் அப்போது எது ஓய்ந்திருந்தது என்பது தெரிந்துவிடும். எதுவுமே மிச்சம் இல்லாமல் போகிறபோது பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்ற கவலைதான் என்னை இதை எழுதவைக்கிறது.

*

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது தென்காசி. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கீழப்பாவூர், கடையம் என்று எந்தப் பக்கம் போனாலும் திண்ணையிலோ நடையிலோ வேப்பமர நிழலிலோ பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வருகிற இலையையும், தூளையும், நூலையும் கடையில் வாங்கிவந்து, இலையை நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைக்கிறார்கள். பிறகு தகட்டளவுக்குக் கத்தரித்து, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கிக் குத்த வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆகவே ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தாலும் அது கூலியில் குறையும்.

இந்த வேலையில் கை முழுவதும் போய்விடுகிறது. ஒழிந்தாலும் அந்தக் கை பிள்ளைக்கு ஆகாது, அதில் புகையிலைத் தூள் அப்பியிருக்கிறது. கண்டதையும் வாயில் வைக்கிற வயதுக் குழந்தையை அந்தக் கையால் தூக்கக் கூடாது என்று சுற்றுகிறவளுக்குத் தெரியும். எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்து தூக்கலாம், ஆனால் அடிக்கடி எழ முடியாது. மிச்சம் இருப்பது வாய். ஆகவே பீடித் திண்ணையில் பிள்ளை குரலால் வளர்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடுவது, கூப்பிட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் குனிந்துகொள்வது, மாடுபோலக் கத்துவது, விடுகதை போடுவது, கதை சொல்வது எல்லாம் கையை விடாமலே நடக்கும்.

இந்தக் கதைகளின் கட்டுமானத்தைக் கவனித்தால் வியப்பு மேலிடும். தன் பேரை மறந்துபோன ஈ, எதிரே வருகிற ஒவ்வொன்றிடமும் போய் என் பேர் என்ன என்று கேட்கிற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு முழுக்கச் சொல்லப்படுகிற கதை. கேள்வி ஒன்றுதான், கேட்கப்படுகிற ஆள் மட்டும் மாறுவார். ஒவ்வொரு தடவையும் முன்னே வந்தவர்களின் வரிசை முழுவதும் திரும்ப வரும். சொல்பவள் யோசிக்க வேண்டியதில்லை. வாய் தன்போக்கில் போய்க்கொண்டிருக்கும், மனம் பீடியின் எண்ணிக்கையில் நிற்கும். கேட்கிற பிள்ளைக்கோ அடுத்து வரப்போவது முன்கூட்டியே தெரியும், தெரிந்தது அப்படியே வரும்போது அதற்குப் பிடிபடாத சந்தோஷம். சொல்பவளின் களைப்புக்கும் கேட்பவனின் ஆசைக்கும் ஒரே வடிவம் பொருந்திவிட்டது. விடுகதையும் அப்படித்தான். கேள்வியைப் போட்டுவிட்டால் பிள்ளை யோசிக்கிற நேரத்தில் நாலு பீடி சுற்றிவிடலாம். தப்பான விடை வந்தால் இன்னும் நாலு. கதை என்றாலே ஓய்வாகச் சாய்ந்து சொல்வது என்று நினைக்கிறோம். வேலைக்கு நடுவில் சொன்னவர்களால்தான் இந்தக் கதைகளுக்கு இந்த ஓட்டம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த நாள் திண்ணையில் ஒருத்தி தனியாக இருந்ததில்லை. நாலைந்து பேர் சேர்ந்துதான் உட்காருவார்கள். தவழுகிற பிள்ளை ஒருத்தியின் முழங்காலிலிருந்து இன்னொருத்தியின் முழங்காலுக்குப் போகும். ஒருத்தி நூல் அறுந்து கதையை விட்டால் இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். வாசற்படியை நெருங்கினால் மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் அதட்டும். ஒவ்வொருத்தியிடமும் இருந்த கொஞ்சநஞ்ச மிச்சத்தைச் சேர்த்தால் ஒரு முழு ஆள் கிடைத்தார். அந்த ஆளுக்குப் பெயர் இல்லை, ஆனால் நம்மில் பலர் அவரிடம் வளர்ந்தவர்கள்.

*

ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து, ஜூனில் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் வேறொரு விதமான பிள்ளை பார்ப்பு ஆரம்பமாகும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று வண்டி வண்டியாகக் குடும்பங்கள் வந்து இறங்கும். அருவியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம் என்பதால் வந்த கும்பல் இரண்டாகப் பிரியும். பிரிந்துபோன பிறகு கரையில் ஒருவர் மிஞ்சியிருப்பார். எல்லாருடைய துணிப்பையும் செருப்பும் பர்சும் செல்போனும் அவரிடம். கைக்குழந்தையும் அவரிடம்தான். பெரும்பாலும் அது ஆச்சி. அருவிக்கு வந்து அருவியில் நனையாமல் திரும்புகிற ஆச்சிகள் ஒவ்வொரு சீசனிலும் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இங்கே நிலைமை திண்ணைக்கு நேர்மாறு. கை பிள்ளையை விட்டு அசைய முடியாது. படி வழுக்கும், கூட்டம் இடிக்கும். வாயால் பயனில்லை, அருவி இரைச்சலில் காதருகே சொன்னாலே எடுபடாது. மிச்சம் இருப்பவை கண்ணும் சுட்டுவிரலும். ஆச்சி விரலை நீட்டுகிறாள். அந்தா, தண்ணி. அந்தா, எண்ணெய் தேய்த்து மினுமினுக்கிற மாமா. அந்தா, பாறையில் செதுக்கிய லிங்கம். அந்தா, குட்டியை வயிற்றில் தொங்கப்போட்டுக்கொண்டு கைப்பிடிக் கம்பியில் நடக்கிற குரங்கு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் இந்த மலையின் வளம் சொல்லப் புகுந்தபோது குரங்குகளைத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்தினார். மடியில் இருக்கிற குழந்தைக்கும் மலையின் வளம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குழந்தை ஒரு வயதை ஒட்டித் தானே விரல் நீட்டத் தொடங்கும். அதற்கு முன்பே பெரியவர் நீட்டும் திசையில் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. பேச்சு வருவதற்கு முன் மனிதர் இருவர் பகிர்ந்துகொள்கிற முதல் காரியம் அதுதான்: நீ பார்க்கிற அதே பொருளை நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று உனக்குத் தெரிகிறது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழாத அருவிக்கரையில் ஒரு கிழவியும் ஒரு கைக்குழந்தையும் அரைமணி நேரம் அலுக்காமல் இருப்பது இதனால்தான். பொம்மை எதுவும் நடுவில் இல்லை. எதைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம், எப்போது அடுத்ததற்குப் போகலாம் என்ற தேர்வு மட்டும் இருக்கிறது. குழந்தை குரங்கை விட்டு நகர மறுத்தால் ஆச்சியும் நகர்வதில்லை. அவளுக்கு அவசரம் இல்லை, குளிக்கப் போனவர்கள் வர நேரமாகும்.

வேடிக்கை காட்டுகிற அந்தக் கண்ணுக்குக் காவல் வேலையும் உண்டு. மேலே மலைக்குள் பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. பேரருவியில் பாதுகாப்பு வளைவுக்கு மேல் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை போடுகிறார்கள். ஆனால் வெள்ளம் எப்போதும் தகவல் சொல்லிவிட்டு வருவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அந்தப் படிகளில் அதற்குப் பிறகு பிள்ளையோடு உட்காருகிற யாருக்கும் தண்ணீரின் நிறம் மாறுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கிற பழக்கம் வந்திருக்க வேண்டும். குழந்தையைச் சிரிக்கவைப்பதும் உயிரோடு வைத்திருப்பதும் ஒரே கண்ணின் வேலை. சிரிப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறோம்.

*

அடுப்படியில் கையும் கண்ணும் ஒருசேரப் போய்விடும். கொதிக்கிற எண்ணெய்ப் பக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு கதை சொல்ல மனம் வராது. அங்கே வேறொரு வழி கண்டார்கள், வேலையிலேயே ஒரு பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது. அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து அரக்கு நிறமேற்றிச் செய்கிற சொப்புச் சாமான், குற்றாலத்துச் சீசன் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் விற்கும். அடுப்பு, பானை, குடம், அம்மி, திருகை, உரல், உலக்கை என்று அம்மாவின் அடுப்படி முழுவதும் பிள்ளையின் கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கும். அம்மா அரிசி களையும்போது பிள்ளைக்கு ஒரு கை அரிசி. அம்மா உப்புப் போட்டால் பிள்ளை மணலைப் போடும். அம்மாவுக்கு முன்பே பிள்ளையின் சோறு வெந்துவிடும், அம்மா ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பதற்குப் பிள்ளைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, தொந்தரவும் தீர்ந்தது.

1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து, உலகப்போர் முடிகிறவரை இந்தியாவில் தங்கிவிட்ட மரியா மாண்டிசோரி வாழ்நாள் முழுவதும் சொன்னது இதற்குப் பக்கத்தில் வரும். குழந்தைக்கு வேண்டியது பாவனைப் பொருள்களைவிட உண்மையான வேலைதான், அதன் கைக்குத் தகுந்த அளவில் தண்ணீர் ஊற்றவும் பெருக்கவும் துடைக்கவும் இடம் கொடுங்கள் என்றார் அவர். சொப்பு பாவனை, அவர் சொன்னது நிஜம் என்று வேறுபாடு காட்டலாம். ஆனால் சொப்பில் போடுகிற அரிசி நிஜம், களைகிற தண்ணீர் நிஜம், அம்மா அருகில் இருப்பது எல்லாவற்றையும்விட நிஜம். சொப்புச் செட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் பிள்ளையை அனுப்பினால் சிறிது நேரத்தில் அது பெட்டிக்குள் போய்விடுவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அந்த மரப்பானைக்கு உயிர் கொடுப்பது பக்கத்தில் கொதிக்கிற பெரிய பானை.

சாரல் காலத்துக் காற்றுக்கும் விளையாட்டுச் சாமானுக்கு உயிர் கொடுக்கிற இதே குணம் உண்டு. தென்காசிக் காசிவிசுவநாதர் கோயில் கோபுரத்தடியில் நின்றால் ஆளைத் தள்ளுகிற காற்று அது. ஆலங்குளம், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் அதில்தான் சுழலுகின்றன. பனையோலையை இரண்டு துண்டு கிழித்துக் குறுக்காக மடித்து, கருவேல முள்ளைக் குத்திக் காத்தாடி செய்து கொடுக்க ஒரு பெரியவருக்குச் சில நிமிடம் போதும். அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பாதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். பூவரச இலையைச் சுருட்டி ஊதுகிற பீப்பி, நுங்கு தின்று மிஞ்சிய கோந்தையில் செய்கிற வண்டி எல்லாம் இந்த வகை. சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்தபோது பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று பிரித்து எழுதினார். அந்தப் பிரிவினையில் பெரியவர்களின் நாளும் தெரிகிறது. பகலில் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடிக்கொண்டார்கள். இரவில்தான் பெரியவர்களின் கை ஒழிந்தது. பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கு வைத்து, பிறகு நண்டுபோல விரல்களை அக்குள்வரை ஏறவிட்டுச் சிரிக்கவைக்கிற விளையாட்டு படுக்கையில் நடப்பது அதனால்தான். அதற்கு இரண்டு கையும் வேண்டும்.

*

இதற்கெல்லாம் மறுகோடியில் நிற்கிறது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பருவமாகக் குழந்தையைத் தொடர்ந்துபோகிற இலக்கிய வகை. ஆண்பிள்ளையானால் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று முடியும். பெண்பிள்ளையானால் கடைசிப் பருவங்களில் அம்மானையும் நீராடலும் ஊசலும் வரும். பருவத்துக்குப் பத்துப் பாட்டாக நூறு பாட்டு. கைகொட்டுகிற வயது எது, தள்ளாடி நடந்து வருகிற வயது எது, எப்போது பறை கேட்கும், எப்போது தேர் இழுக்கும் என்று அந்தக் கவிஞர்கள் கவனித்திருக்கிறார்கள். அதற்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டு, நிலவைக் கூப்பிட்டு, சப்பாணி கொட்டவைத்துப் பாடிவிட்டார்.

அம்புலிப் பருவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். குழந்தையோடு விளையாட நிலவைக் கூப்பிடுகிறார் கவிஞர். வரவில்லை. உனக்கும் என் குழந்தைக்கும் எவ்வளவு ஒற்றுமை பார் என்று சொல்லிப் பார்க்கிறார். நீ எங்கே அவள் எங்கே என்று வேற்றுமை காட்டுகிறார். வந்தால் உனக்கு இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறார். கடைசியில் மிரட்டுகிறார். அரசர்கள் எதிரியிடம் காட்டுகிற சாம பேத தான தண்டம் நான்கையும் ஒரு குழந்தைக்கு விளையாட்டுத் துணை தேடுவதற்காக நிலவின்மேல் பிரயோகிக்கிறார். குழந்தையின் ஆசைக்கு முன் அரசியல் தந்திரம் முழுவதும் கைகட்டி நிற்கிறது. ஒரு பிள்ளையின்மேல் ஒரு மனம் இவ்வளவு முழுமையாகத் தங்க முடியும் என்று காட்டியதற்காகத் தமிழ் பெருமைப்படலாம்.

ஆனால் அந்தக் குழந்தை தெய்வம். பாடுகிறவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது. மீனாட்சியம்மைக்குத் தம் பிள்ளைத்தமிழில் குமரகுருபரர் கொடுத்த கவனத்தை, ஆயிரம் பீடிக் கணக்கை முடிக்க வேண்டிய ஒருத்தி தன் மகளுக்குக் கொடுக்க முடியாது. கொடுக்க அவளுக்கு மனம் இல்லாமல் இல்லை.

*

வாயும் கண்ணும் மிஞ்சாத வீட்டில் என்ன செய்தார்கள்? இன்னொரு பிள்ளையை வைத்தார்கள். எட்டு வயது அக்காள் ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாண்டி விளையாடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தன் முறை வரும்போது தம்பியைக் கீழே இறக்கிவிட்டு நொண்டியடித்துப் போய் ஓட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து திரும்பத் தூக்கிக்கொள்வாள். தம்பிக்குச் சிரிப்பு. அழகான காட்சி என்று படம் எடுப்பார்கள். அந்தச் சிறுமியும் ஒரு குழந்தை. அவளுக்கு யார் விளையாட்டுக் காட்டினார்கள்?

பிள்ளை பார்க்கிற பெண் பள்ளிக்கு முழுக்குப் போடுவாள். வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், பிறகு ஒரேயடியாக. தம்பி வளர்ந்த பிறகு அவள் மடிக்குப் பீடித்தட்டு வரும். விளையாட்டாக நூல் எடுத்துக் கொடுத்ததும் தூள் தள்ளிக் கொடுத்ததும் தொழிலாகிவிடும். சொப்பு விளையாட்டையும் வேலைப் பங்கையும் மேலே புகழ்ந்தேன். அந்தப் பங்குக்கு ஒரு எல்லை உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டு ஓடலாம் என்றால்தான் அது விளையாட்டு. விட்டுவிட்டு ஓடினால் அடி விழும் என்றான அன்று அது கூலியில்லாத வேலை.

மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் 1945இல் போர்டியில் பாலவாடி தொடங்கி, பின்னர் கோஸ்பாட் மலைப்பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அதைக் கொண்டுபோனபோது இந்த உண்மை அவர்களுக்கு எதிரே வந்து நின்றது. பெரிய பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டுமென்றால் அவர்கள் இடுப்பில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அங்கேயே ஓர் இடம் வேண்டும். கைக்குழந்தைக்கு ஒரு பகுதி, மழலைகளுக்கு ஒரு பகுதி, பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு என்று மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள், மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்துக்கே கொண்டுபோனார்கள். அக்காளை விடுவிக்காமல் தம்பிக்குச் செய்கிற எந்த நன்மையும் பாதிதான் என்று அவர்கள் கண்டது நம் ஊருக்கும் பொருந்தும்.

*

இப்போது செல்போன். திண்ணைகள் குறைந்து, சுற்றுச்சுவரும் கிரில் கதவும் வந்து, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து சுற்றுகிறாள். அக்காள் பள்ளிக்குப் போய்விட்டாள், போகத்தான் வேண்டும். ஆச்சி வேறு ஊரில் இருக்கிறாள், அல்லது அவளே நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். துணைக்கு ஒரு கதை எடுத்துக் கொடுக்க ஆளில்லாதவள் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கிறாள். போனுக்குக் கையும் வாயும் கண்ணும் வேண்டாம். பார்த்துக்கொள்பவரிடம் ஒன்றுமே மிஞ்சாதபோதும் ஓடுகிற ஒரே விளையாட்டுச் சாமான் அதுதான். அதன் பலமும் அதன் கேடும் அந்த ஒன்றில்தான் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொன்னது. சரியான பேச்சு. தவழவும் எட்டிப் பிடிக்கவும் விழுந்து எழவும் வேண்டிய வயதில் பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. விரல் நீட்டிக் காட்டினால் திரும்பிப் பார்க்கிற ஒருவர் எதிரே இல்லை. ஈயின் கதையில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் கதை நின்று பதில் சொல்லிவிட்டுத் தொடரும், போனில் ஓடுகிற கதை நிற்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த அறிவுரையைப் பெற்றவளிடம் போய்ச் சொல்லி அவளைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பாள்? அவளிடம் மிச்சம் இருந்ததை எல்லாம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே வாங்கிவிட்டோம்.

*

வேலை செய்கிற தாயிடம் பிள்ளைக்கு மிச்சம் இராது என்பதைச் சட்டங்கள் ஓரளவு அறிந்திருந்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் பலர் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் பட்டறைகளுக்கு அதையே சொன்னது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு உதவிச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கேட்டது. இலங்கை மலையகத் தோட்டங்களில் நம் மக்கள் பிள்ளைமடுவம் என்று சொல்வதும் இத்தகைய இடம்தான். ஆனால் பீடி வீட்டுக்குள் சுற்றப்படுகிறது. ஒருத்தி தன் வீட்டுத் திண்ணையில் தனியாக வேலை செய்தால் அங்கே ஐம்பது பேர் இல்லை, பட்டறை இல்லை, ஆகவே குழந்தைக்கு அறையும் இல்லை.

1969இல் தில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணில் கிடந்த குழந்தைகளைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரம் போட்டு நடமாடும் காப்பகத்தைத் தொடங்கினார். வேலை எங்கே இருக்கிறதோ அங்கே காப்பகமும் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், வந்த பெண்களில் ஒருத்தியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நியமித்து அவளுக்கும் மற்றவர்களுக்கு உண்டான அதே கூலி தர வேண்டும் என்று அதன் இணைப்பில் எழுதியிருந்தார்கள். குளம் வெட்டுவதும் குளக்கரையில் பிள்ளைக்குக் கதை சொல்வதும் சம கூலிக்கு உரிய வேலை என்று இந்தியாவில் ஒரு சட்டம் சொன்னது பெரிய காரியம். அது எல்லா வேலையிடத்திலும் நடந்திருந்தால் நாட்டின் முகமே சற்று மாறியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல பேர் உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவை இரண்டு வயதிலிருந்தே கொடுக்க ஆரம்பித்தது. சனங்கள் இன்னும் பால்வாடி என்றே சொல்கிற அந்த ஓட்டுக் கட்டடங்களில் ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் ஊருக்கே பிள்ளை பார்த்தார்கள். பிள்ளைக்குச் சோறு கிடைத்தது, அக்காளுக்குப் பள்ளி திரும்பக் கிடைத்தது. அந்த டீச்சரின் கையையும் இப்போது பதிவேடுகளும் கணக்கெடுப்புகளும் செல்போன் செயலியும் எடுத்துக்கொள்கின்றன. பிள்ளைகளுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கைகொட்டவைக்க அவளிடமும் மிச்சம் வேண்டும். சமைக்கவும் நிறுக்கவும் எழுதவும் ஓர் ஆள், பிள்ளைகளோடு இருப்பதற்கென்றே ஓர் ஆள் என்று கேட்பது ஆடம்பரம் இல்லை. பீடி ஊர்களில் கடைக்குப் பீடி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அம்மா திரும்புகிறவரை பால்வாடி திறந்திருக்க வேண்டும் என்று கேட்பதும் அப்படித்தான். வீட்டில் சுற்றுகிறவளையும் தொழிலாளி என்று எண்ணி, தெருவுக்கு ஒரு காப்பகத்துக்கான செலவைத் தொழிலே ஏற்க வேண்டும்.

இவ்வளவும் அரசிடமும் முதலாளியிடமும் கேட்பது. கேட்கத்தான் வேண்டும். அதே நேரத்தில் இந்த மாவட்டத்து வீடுகளில் கை ஒழிந்தவர்கள் ஒருவரும் இல்லை என்று சொன்னால் அது பொய். மாலையில் டீக்கடை பெஞ்சிலும் பேருந்து நிறுத்தத் திண்டிலும் ஆண்களின் கை ஒழிந்துதான் இருக்கிறது. ஒரு பிள்ளை அழுதால் அம்மாவிடமோ ஆச்சியிடமோ நீட்டிவிடுகிற பழக்கத்தில் அந்தக் கைகளுக்குப் பிள்ளை பார்க்கவே தெரியாமல் போய்விட்டது. தெரிந்துகொள்ளக் கடினமான வித்தை இல்லை. ஓலைக் காத்தாடி செய்யத் தெரிந்த ஆண்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஈயின் கதை அவர்களுக்கும் சொல்லப்பட்டதுதான். குற்றாலத்துக் கரையில் துணிப்பையோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு, நீ போய்க் குளிச்சிட்டு வா அம்மா என்று ஒரு மகன் சொல்வதற்கு எந்தச் சட்டமும் திட்டமும் வேண்டியதில்லை.

பிள்ளைக்கு என்ன விளையாட்டுக் காட்டலாம் என்று கேட்பவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். பார்த்துக்கொள்கிறவரிடம் இப்போது என்ன மிச்சம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அதைக் கூட்டிக் கொடுங்கள், ஒரு மணி நேரமானாலும் சரி. மீதியைப் பிள்ளையும் அவரும் பார்த்துக்கொள்வார்கள். அது அவர்களுக்குத் தெரியும், எந்தப் பட்டியலும் வருவதற்கு முன்பிருந்தே தெரியும்.